அறுவை சிகிச்சை முடிந்து 4 மாதம்: அம்மா ஏன் நடக்க மறுக்கிறார்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தன் அம்மாவைப் பற்றி 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அம்மாவுக்கு 54 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் பல வருடமாக உண்டு. 118 கிலோ எடை இருந்தவருக்கு, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஸ்லீவ் முறையில் 4 மாதத்துக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது 95 கிலோ. கடைசி மூன்று வாரமாக எடை அப்படியே நிற்கிறது. முதல் மாதம் வீட்டுக்குள்ளேயே நன்றாக நடந்தவர், ஒரு நாள் மாலை வெளியே போனபோது கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, யாரோ வீட்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு நடப்பது என்றாலே ஏதாவது ஒரு சாக்கு. கிளம்பும் நேரத்தில் நாலு தடவை பாத்ரூம் போய் வருகிறார், அதற்குள் இருட்டிவிடுகிறது. "மாத்திரைகளை மட்டும் பழையபடி ஒரு வேளை விடாமல் எடுத்துக்கொள்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. முழங்கால் வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போகவில்லை" என்று எழுதுகிறார் மகள்.

மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அம்மாவின் கையில் கட்டிவிட்டார். கணக்கு மகளின் போனில் தெரியும். தினமும் 10,000 ஸ்டெப்ஸ் இலக்கு. அலுவலகத்திலிருந்து மதியம் ஒரு போன், நாலு மணிக்கு ஒரு போன். போன வாரம் சீக்கிரமாக வீடு திரும்பியவர், அம்மா கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி வாட்ச் கட்டிய கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். பெரிய சண்டை. "இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு வலி பட்டு, கடைசியில் சோம்பேறித்தனத்தால் வீணாக்குகிறாயே" என்று கத்திவிட்டேன் என்கிறார். அம்மா அழுதுவிட்டு, இரண்டு நாளாகப் பேசவில்லை.

அவர் கேட்பது இவைதான்: அம்மாவை எப்படி நடக்க வைப்பது? நடக்காததால்தான் எடை நின்றுவிட்டதா? ஜிம்மில் சேர்க்கலாமா? எடை தூக்கினால் உள்ளே போட்ட தையல் பிரிந்துவிடும் என்று உறவினர் சொல்கிறாரே, உண்மையா? வாட்சை என்ன செய்வது?

உங்களுக்கு என் பதில்:

அம்மாவின் மேல் எவ்வளவு அக்கறை இருந்தால் அலுவலக நேரத்தில் இரண்டு முறை போன் செய்வீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. கத்திவிட்டோமே என்று நீங்கள் வருந்துவதும் கடிதத்தில் தெரிகிறது. அதனால் உங்களைக் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்த பிறகு, அம்மா சோம்பேறி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய நாலைந்து வரிகளில்தான் அவர் நடக்காததன் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அந்த வாசல் படி

கை நடுக்கம், வியர்வை, அப்படியே உட்கார்ந்துவிட்டது. இதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அதிலேயே நின்றுவிட்டேன். சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு நடக்கும்போது இப்படி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது லோ சுகர். அடுத்த சில வரிகளிலேயே, மாத்திரைகளைப் பழையபடி விடாமல் எடுக்கிறார் என்று பாராட்டாக எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அங்கேதான்.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பாட்டின் அளவு மிகவும் குறைந்துவிடும். எடை கணிசமாக இறங்குவதற்கு முன்பே, பலருக்கு முதல் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடும். ரத்த அழுத்தமும் எடையோடு சேர்ந்து இறங்கும். 118 கிலோவில் மூன்று வேளை முழுச் சாப்பாடு சாப்பிட்ட உடம்புக்கு எழுதிக் கொடுத்த மருந்தின் அளவு, 95 கிலோவில் சில வாய் மட்டும் சாப்பிடும் உடம்புக்கு அதிகமாகிவிடலாம். குறிப்பாக கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. அதேபோல பிபி மாத்திரையும், அதிகம் சிறுநீர் போக வைக்கும் மாத்திரையும் பழைய அளவிலேயே இருந்தால், எழுந்து நின்றதும் தலை சுற்றும், கண் இருட்டும்.

இப்படி ஒரு முறை தெருவில் ஆகிவிட்டால் அடுத்த நாள் வெளியே அடி எடுத்து வைக்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? நடந்தால் விழுந்துவிடுவோம் என்று உடம்பு ஒரே முறையில் கற்றுக்கொண்டுவிட்டது. அதை உங்களிடம் சொன்னால் சாக்கு சொல்கிறேன் என்பீர்கள் என்று அம்மா பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, தவறவிட்ட அந்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே போவது. அம்மா எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் காலையிலும், சாப்பாட்டுக்கு முன்பும், நடுக்கமோ வியர்வையோ வரும் நேரத்திலும் பார்த்து எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்படி ஒரு முறை வந்தாலும் பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைப்பதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை அவர்கள் அளவு பார்த்துச் சொல்வார்கள்.

பரிசோதனையின்போது ரத்தசோகை, இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லீவ் ஆன இரைப்பையில் இரும்பும் பி12-உம் முன்போலச் சேராது. ரத்தம் குறைந்தவருக்குப் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும், கால் துவளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பல் மாதிரியேதான் தெரியும். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரைகளை அம்மா எடுக்கிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவை வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியவை, எடை இறங்கியதும் விட்டுவிடக் கூடாது.

நாலு தடவை பாத்ரூம்

வெளியே கிளம்பும்போது மட்டும் திரும்பத் திரும்பப் போய் வருகிறார் என்றால், வழியில் சிறுநீர் கசிந்துவிடுமோ என்ற பயம் காரணமாக இருக்கலாம். பல வருடம் அதிக எடை சுமந்த பெண்களுக்கு இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துபோகும். இருமினால், தும்மினால், வேகமாக நடந்தால், படி இறங்கினால் கொஞ்சம் கசியும். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் இது மிகவும் சகஜம். ஆனாலும் பெற்ற மகளிடம்கூடச் சொல்லமாட்டார்கள். என்னிடம் வருகிறவர்களிலும் பெரும்பாலோர், நானாகக் கேட்டால்தான் தலையைக் குனிந்துகொண்டு "ஆமாம்" என்பார்கள். கேட்டதற்குப் பிறகு அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எடை இறங்க இறங்க இது பலருக்குத் தானாகவே குறையும். கூடவே பயிற்சியும் உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல அடித்தளத் தசையை உள்ளே இறுக்கி 5 விநாடி பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை நடக்கும்போது ஒரு பேட் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் எண்ணம் வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். சிறிய இரைப்பைக்காரர்களுக்கு நீர் வற்றுவது சீக்கிரம் நடக்கும். ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால், நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தொற்றும் காரணமாக இருக்கலாம், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இதே வரிசையில் இன்னொன்று. எடை வேகமாக இறங்கினால் தோல் தொங்கும். தொடைகள் உரசிப் புண்ணாகும், மடிப்புகளில் ஈரம் தங்கி எரியும். நடந்துவிட்டு வந்து குளிக்கும்போது எரிச்சலில் பல்லைக் கடிப்பவர்கள் உண்டு. உடம்போடு ஒட்டிய, தொடை வரை மூடும் உள்ளாடையும், மடிப்புகளைத் துடைத்து உலர்வாக வைத்துக்கொள்வதும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

இவற்றை அம்மாவிடம் நீங்கள் கேட்க வேண்டாம். டாக்டரிடம் அவர் தனியாகப் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். அது அவருடைய உரிமை. எதை உங்களிடம் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதும் அவர் முடிவுதான்.

முழங்கால்

ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா 23 கிலோ குறைத்திருக்கிறார். அப்படியென்றால் ஒவ்வொரு அடிக்கும் சுமார் 90 கிலோ சுமை இறங்கியிருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள். "இன்னும் எவ்வளவு இருக்கிறது" என்றே கேட்டுக் கேட்டுப் பழகியவருக்கு இது நல்ல சேதி.

ஆனால் கடையில் வாங்கும் வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இது மருத்துவர் எழுதித் தராத மாத்திரை என்பதால் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகையாக இருந்தால் அவை இரைப்பையைப் புண்ணாக்கும். எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் அறவே வேண்டாம் என்போம். ஸ்லீவ் ஆனவர்களும் அறுவை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நீர் குறைவாகக் குடிக்கும் உடம்பில், பிபி மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். வலிக்கு அளவோடு பாராசிட்டமால், முழங்காலைச் சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, தேவைப்பட்டால் பிசியோதெரபிஸ்ட். இந்த வரிசையில் போகலாம்.

எடை நின்றதற்கு நடக்காதது காரணமா?

பெரும்பாலும் இல்லை. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை நேர்கோட்டில் இறங்காது. இறங்கும், இரண்டு மூன்று வாரம் நிற்கும், திரும்ப இறங்கும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் இப்படி ஒரு நிறுத்தம் ஒரு முறையாவது வரும். அந்த நேரத்தில் தராசின் மேல் தினமும் ஏறி இறங்குவது மனதைத்தான் கெடுக்கும். வாரம் ஒரு முறை போதும், கூடவே இடுப்பளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். தராசு நிற்கும் வாரத்தில் நாடா இறங்குவது உண்டு.

இதில் உங்களுக்கு ஏமாற்றம் தரக்கூடிய ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் வருடத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு அறுவை சிகிச்சையும் சாப்பாட்டுக் குறைவும் செய்வது. உடற்பயிற்சி அதில் கூடுதலாகச் சேர்ப்பது சில கிலோதான். பிறகு எதற்கு இவ்வளவு வற்புறுத்துகிறோம்?

தசைக்காக. வேகமாக இறங்கும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை, ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசு, அதில் தசை முக்கியமானது. முதல் ஆறு மாதத்தில்தான் இந்த இழப்பு மிக அதிகம். அம்மா இப்போது சரியாக அந்தக் காலத்தில் இருக்கிறார். எலும்பும் அடர்த்தி குறையும், 54 வயதில் அது சின்ன விஷயம் இல்லை. தசையைத் தக்கவைத்தால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழலாம், வயதான காலத்தில் விழாமல் நடக்கலாம். ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பசி மெல்லத் திரும்பும்போது, உடம்பை அசைத்துப் பழகியவர்களுக்கு எடை திரும்ப ஏறுவது குறைவு. எடையைச் சொல்லி நடக்க வைத்தால், எடை நிற்கும் வாரத்தில் நடையும் நின்றுவிடும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

அதனால் இலக்கை மாற்றுங்கள். அம்மாவுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். எடை தவிர வேறு ஏதாவது ஒன்று. தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், மாடிக்குத் தனியாக ஏற வேண்டும், யாரையும் பிடிக்காமல் பஸ்ஸில் ஏற வேண்டும், எதுவாகவும் இருக்கலாம். அது அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

10,000 என்ற எண்

இந்த எண் மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயருக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள். அந்தப் பெயர் பிரபலமாகி உலகம் முழுக்க இலக்காகிவிட்டது. ஒரு நாளைக்கு 2,000 அடி நடப்பவரிடம் 10,000 என்றால், அவர் முதல் நாளே தோற்றுவிட்டார். தோற்றுக்கொண்டே இருப்பவர் ஒரு நாள் கையை ஆட்டத்தான் செய்வார். அதில் பொய்யைவிட, உங்களைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற தவிப்பைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மருந்தளவு சரியான பிறகு, ஒரு வாரம் அம்மா இயல்பாக எவ்வளவு நடக்கிறார் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் வாரத்துக்கு 300 முதல் 500 அடி வரை கூட்டினால் போதும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. முன்பு ஒரே நேரத்தில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்லி வந்தார்கள். 2020-இல் வந்த வழிகாட்டலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே வீட்டுக்குள் காலையில் 4 நிமிடம், மதியம் 5 நிமிடம், மாலையில் 4 நிமிடம் என்று நடந்தாலும் அது நடைதான். வெளியே போகப் பயப்படுகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது, பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கும்.

வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த அளவு.

எடை தூக்கினால் தையல் பிரியுமா?

உங்கள் உறவினர் சொல்வது முதல் சில வாரங்களுக்குப் பொருந்தும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 4 முதல் 6 வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்பது வழக்கமான அறிவுரை. அம்மாவுக்கு 4 மாதம் ஆகிவிட்டது. இருமும்போது துளை போட்ட இடத்தில் புடைப்பு எதுவும் தெரியவில்லை, அறுவை மருத்துவரும் சரி என்கிறார் என்றால், தசைப் பயிற்சி தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். நடையை மட்டும் பெரிதாகப் பேசி இதை மறந்துவிடுவது, இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தசையைக் காப்பதில் நடையைவிட இதற்குத்தான் பங்கு அதிகம்.

டம்பெல் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு நாற்காலி. கைப்பிடி இல்லாத, சறுக்காத, கொஞ்சம் உயரமான நாற்காலி. பின்புறம் சுவரில் முட்டியிருக்கட்டும். நுனிக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே இழுத்து, தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். உட்காரும்போதுதான் கவனம்: தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். தொடை சுடுவது அங்கேதான் தெரியும். முழங்கால் வலித்தால் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். 5 முறை முடிந்தால் 5. இரண்டு நிமிடம் ஓய்வு, இன்னொரு 5. வாரம் ஒன்றிரண்டு கூட்டலாம். இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு.

தசைக்குப் பயிற்சி மட்டும் போதாது, புரதமும் வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுவான அளவு. சிறிய இரைப்பையில் இது தானாகச் சேராது. எப்படிச் சேர்ப்பது என்று அம்மாவின் உணவு ஆலோசகரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஜிம்மா, வீடா? அம்மாவுக்கு விருப்பமா என்பதுதான் முதல் கேள்வி. கண்ணாடிச் சுவருக்கு நடுவே, இளைஞர்கள் மத்தியில் நிற்பது பலருக்குக் கூச்சம். இப்போதைக்கு நாலைந்து முறை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் முறையாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் தொடர்வது அவருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். முழங்கால் மிகவும் வலித்தால் தண்ணீருக்குள் நடப்பது அருமையான வழி.

உடனே மருத்துவமனை போக வேண்டியவை: நெஞ்சு வலி, மயக்கம், ஒரு பக்கக் காலில் மட்டும் வீக்கமும் வலியும், கருப்பாக மலம் போவது. இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது: விடாத வாந்தியோடு கால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும். அது தயமின் (வைட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனால்" சேர்க்காமல். "நான் உன்னைச் சோம்பேறி என்று சொன்னது தப்பு. அன்றைக்குப் படியில் உட்கார்ந்தபோது உனக்கு என்ன ஆச்சு என்று நான் சரியாகக் கேட்கவே இல்லை. இப்போ சொல்லும்மா." இவ்வளவு போதும். பிறகு அவர் பேசட்டும். நடுவில் தீர்வு சொல்லாதீர்கள், அது உங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று தெரியும்.

சில நாள் கழித்து, பேச்சு இயல்பானதும், நான் நோயாளிகளிடம் கேட்கும் ஒரு கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள். "தினமும் கொஞ்சம் நடக்க முடியும் என்று உனக்குப் பத்துக்கு எத்தனை நம்பிக்கை இருக்கு?" அம்மா மூன்று என்பார். "ஏன் மூன்றுதானா" என்று கேட்டால் முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். "பூஜ்யம் சொல்லாமல் ஏன் மூன்று சொன்னே?" என்று கேளுங்கள். அப்போது, முடியும் என்பதற்கான காரணங்களை அவரே தேடிச் சொல்வார். அடுத்து, "அது நாலு ஆக என்ன வேணும்?" வெளிச்சம் இருக்கும்போது போகணும், நீ கூட வரணும், உட்கார இடம் இருக்கிற வழியாகப் போகணும் என்று ஏதாவது வரும். அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

கூட நடங்கள், அவர் வேகத்தில். முதல் இரண்டு வாரம் வீட்டு வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் போய்த் திரும்பினால் போதும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதியில் திரும்பலாம் என்றால் திரும்பிவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல். எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று தெரிந்தவர்தான் அடுத்த நாள் செருப்பைப் போடுவார். அலுவலகத்திலிருந்து போன் செய்யுங்கள், ஆனால் ஸ்டெப்ஸ் கேட்க வேண்டாம், சாப்பிட்டாயா என்றும் விசாரிக்க வேண்டாம். வேறு ஏதாவது பேசுங்கள். 4 மாதமாக நீங்கள் இருவரும் அம்மாவின் உடம்பைத் தவிர வேறெதுவும் பேசியதாகக் கடிதத்தில் இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் அம்மாவுக்கு எதிலும் ஆர்வமே இல்லை, அழுகிறார், தூக்கம் இல்லை, முன்பு பிடித்ததெல்லாம் இப்போது பிடிக்கவில்லை என்றால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனச்சோர்வு வருவது உண்டு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

இதே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும். நீங்கள் இன்றே தொடங்குங்கள். அந்த நாற்காலிப் பயிற்சியும், மூச்சுப் பயிற்சியும், அறைக்குள் நடையும் சிகிச்சைக்கு முன்பே பழக்கமாகியிருந்தால், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்லும்போது சிரமம் குறைவாக இருக்கும்.

கடைசியாக வாட்ச். அந்தச் செயலியை உங்கள் போனிலிருந்து நீக்கிவிடுங்கள், அம்மாவின் கண் முன்னால். வாட்சைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்து, வேண்டுமானால் கட்டிக்கொள்ளட்டும், வேண்டாமென்றால் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். சில வாரம் கழித்து, "இதுல எப்படி பார்க்கிறது?" என்று அவராக வந்து கேட்டால் சொல்லிக் கொடுங்கள். எண் எவ்வளவு என்று மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.